பழ ஈக்கும் வலிப்பு வரும்!

வாழைப்பழச் சீப்பு இரண்டு நாள் அதிகமாகத் தொங்கினால் போதும். எங்கிருந்தோ சின்னஞ்சிறு ஈக்கள் வந்து மொய்க்கும். எள் அளவுதான் இருக்கும். கண் மட்டும் சிவப்பு. கையை வீசினால் ஓடும். மறுபடியும் வரும். வீட்டு ஈ வேறு, இது வேறு. இதற்குப் பழ ஈ என்று பெயர்.

இந்த ஈயை நாம் விரட்டுகிறோம். விஞ்ஞானிகளோ தீனி போட்டு வளர்க்கிறார்கள்! சோள மாவும் சர்க்கரையும் ஈஸ்டும் கலந்து காய்ச்சி, கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி, அதிலே ஆயிரம் ஆயிரமாக ஈக்களை விட்டு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இப்படி வளர்க்கிறார்கள். ஐரோப்பாவில் வளர்க்கிறார்கள். பெங்களூரிலும் வளர்க்கிறார்கள்.

எதற்காக? பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். அது வலிப்பு நோய்.

“ஈக்கு வலிப்பு வருமா? அதைப் பார்த்து மனிதனுக்கு வைத்தியம் செய்ய முடியுமா?” என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் இது சிரிக்கிற விஷயம் அல்ல. உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. சரியான மருந்து கிடைத்தால் அவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும். மீதி முப்பது பேர்? அவர்களுக்கு இன்று உள்ள மாத்திரைகள் சரியாகப் பிடிப்பதில்லை. அந்த முப்பது பேருக்காகத்தான் விஞ்ஞானிகள் ஈயிடம் போயிருக்கிறார்கள்.

மூளைக்குள் கூச்சல்

வலிப்பு என்பது என்ன? முதலில் அதைத் தெரிந்துகொள்வோம்.

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு அணுக்கள் இருக்கின்றன. அவை ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டே இருக்கும். பேசுவது வாயால் அல்ல; மின்சாரத்தால்.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மதகைத் திறந்தால் தண்ணீர் பாய்கிறது. மூடினால் நிற்கிறது. நரம்பு அணுவின் தோலிலும் கண்ணுக்குத் தெரியாத மதகுகள் இருக்கின்றன. ஒரு வகை மதகு வழியாகச் சோடியம் உள்ளே பாய்கிறது. சோடியம் என்றால் பயப்பட வேண்டாம். நாம் குழம்பில் போடும் உப்பில் இருப்பதுதான். அது உள்ளே பாய்ந்தால் நரம்பு அணு பேசும். இன்னொரு வகை மதகு வழியாகப் பொட்டாசியம் வெளியே போகிறது. அது போனால் நரம்பு அணு அடங்கும்.

ஊர்க் கூட்டத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்டுக்கொண்டு இருந்தால் காரியம் நடக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால்? கூச்சல்தான் மிஞ்சும். மூளையில் அப்படிப் பெரும் கூட்டமாக நரம்பு அணுக்கள் ஒரே சமயத்தில் கத்துவதுதான் வலிப்பு. கூட்டத்தை அமைதிப்படுத்துவதற்கென்றே தனியாகச் சில நரம்பு அணுக்கள் இருக்கின்றன. அவை சோர்ந்து போனாலும் கூச்சல் கிளம்பும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கை கால் இழுத்தால்தான் வலிப்பு என்று நினைக்க வேண்டாம். சில குழந்தைகள் பத்து விநாடி வெறித்துப் பார்ப்பார்கள். கூப்பிட்டால் காது கேட்காது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் எழுதத் தொடங்குவார்கள். “பாடத்தில் கவனம் இல்லை” என்று வாத்தியாரிடம் அடி வாங்குவார்கள். அதுவும் ஒரு வகை வலிப்புதான்.

தலையில் பட்ட அடி, பிறக்கும்போது மூச்சு முட்டியது, மூளையில் தங்கிய நாடாப்புழுவின் கட்டி, பக்கவாதம் என்று வலிப்புக்குப் பல காரணங்கள் உண்டு. பிறவியிலேயே ஜீனில் இருக்கும் பிழையும் ஒரு காரணம். பேய், பிசாசு, செய்வினை என்பவை இந்தப் பட்டியலில் இல்லை.

சாவிக்கொத்துக்குக் கிடைத்த பெயர்

தெருவில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் என்ன செய்கிறோம்? “இரும்பைக் கொடு, இரும்பைக் கொடு!” என்று கத்துகிறோம். யாராவது ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். சிறிது நேரத்தில் வலிப்பு நிற்கிறது. “பார்த்தாயா, இரும்பு நிறுத்திவிட்டது!” என்கிறார்கள்.

பெரும்பாலான வலிப்புகள் ஒன்று இரண்டு நிமிஷத்தில் தானாகவே நிற்கும். சாவி கொடுத்தாலும் நிற்கும். கொடுக்காவிட்டாலும் நிற்கும். தானாக நின்றதற்குச் சாவி பெயர் வாங்கிக்கொள்கிறது. அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது வேறு. அடிபடாதபடி சுற்றிலும் உள்ள பொருள்களை அகற்றுங்கள். தலைக்கு அடியில் துணி எதையாவது மடித்து வையுங்கள். ஆளை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். கையைக் காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் ஆகியும் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தாலும் அப்படியே.

நோயைவிட, நோயை மறைப்பதுதான் பல வீடுகளில் பெரிய துன்பம். பெண்ணுக்கு வலிப்பு என்றால் கல்யாணப் பேச்சு நின்றுவிடுமே என்று மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறார்கள். இதிலே சட்டத்துக்கும் பங்கு இருந்தது. 1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் பித்துப் பிடித்தவர்களோடு வலிப்பு நோயாளிகளையும் சேர்த்து, மணம் செய்யத் தடை எழுதி வைத்திருந்தார்கள். 1999-ல்தான் “வலிப்பு” என்ற சொல்லை எடுத்தார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்டது. மாமியார் வாயிலிருந்து இன்னும் போகவில்லை.

ஏன் இந்த ஈ?

யானை இருக்கிறது, குரங்கு இருக்கிறது, எலி இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஈயை ஏன் பிடித்தார்கள்?

முதல் காரணம், அவசரம். பழ ஈயின் முட்டை வளர்ந்து ஈயாகச் சுமார் பத்தே நாள் போதும். ஒரு பெண் ஈ நூற்றுக்கணக்கில் முட்டை இடும். மனிதனில் தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை பார்க்க அறுபது வருஷம் வேண்டும். ஈயில் ஒரு மாதம் போதும். செலவும் குறைவு. ஒரு எலியை வளர்க்கும் இடத்தில் ஆயிரம் ஈக்களை வளர்க்கலாம்.

இரண்டாவது காரணம், பழக்கம். 1910-ல் நியூயார்க் நகரில், கொலம்பியா சர்வகலாசாலையில் தாமஸ் ஹண்ட் மார்கன் என்ற பேராசிரியர் ஈக்களை வளர்த்துக்கொண்டு இருந்தார். சிவப்புக் கண் ஈக்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கண் ஈ பிறந்தது. அதன் வம்சத்தைப் பின்தொடர்ந்தார். பெற்றோரின் குணம் பிள்ளைக்கு வரும் வழி அவருக்குத் தெளிவாயிற்று. ஜீன்கள் என்பவை அணுவுக்குள் இருக்கும் இழைகளின் மேல் வரிசையாக இருக்கின்றன என்பதை அவரும் அவருடைய மாணவர்களும் ஈயைக் கொண்டே காட்டினார்கள். 1933-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அன்று முதல் இன்று வரை ஈயை விடவில்லை.

ஜீன் என்றால் என்ன? தமிழில் மரபணு என்கிறோம். உடம்பைச் செய்வதற்கான குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையல் குறிப்பில் “உப்பு ஒரு சிட்டிகை” என்பது “உப்பு ஒரு படி” என்று தப்பாக அச்சாகிவிட்டால் குழம்பு என்ன ஆகும்? ஜீனில் ஓர் எழுத்து மாறினால் உடம்பிலும் அப்படி ஏதாவது கெடும்.

மூன்றாவது காரணம்தான் ஆச்சரியமானது. 2000-ம் ஆண்டில் பழ ஈயின் ஜீன்கள் முழுவதையும் படித்து முடித்தார்கள். மனிதனுடைய ஜீன்களோடு ஒப்பிட்டார்கள். மனிதனுக்கு நோய் உண்டாக்கும் ஜீன்கள் நூறு என்றால், அவற்றில் சுமார் 75-க்கு ஈயிலும் ஜோடி இருக்கிறது! நம் நரம்பில் இருக்கும் சோடியம் மதகு ஈயின் நரம்பிலும் இருக்கிறது. பொட்டாசியம் மதகும் இருக்கிறது. பல கோடி வருஷத்துக்கு முன்னே பிரிந்து போன பங்காளிகள்தான் நாமும் ஈயும். பாத்திரம் பண்டத்தை இருவருமே பத்திரமாக வைத்திருக்கிறோம்.

குலுக்கினால் விழும் ஈ

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் பாசடீனா என்று ஓர் ஊர். அங்குள்ள புகழ்பெற்ற தொழில்நுட்பக் கழகத்தில் சீமோர் பென்சர் என்ற விஞ்ஞானி இருந்தார். பௌதிகம் படித்தவர். பிறகு ஈயின் பக்கம் திரும்பியவர். ஈயின் நடத்தைக்கும் ஜீனுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்த்தார். ஜீன் பிழை உள்ள ஈக்களை உண்டாக்கினார். வெளிச்சத்துக்கு ஓடாத ஈ, நேரம் தெரியாத ஈ என்று பல வகை கிடைத்தன. அவற்றில் ஒரு வகை, குலுக்கினால் விழுந்தது.

இந்த ஈக்களைப் பார்த்தால் மற்ற ஈக்களைப் போலவே இருக்கும். நடக்கும், பறக்கும், தின்னும். குப்பியோடு சேர்த்துப் பத்து விநாடி வேகமாகக் குலுக்கினால் மட்டும் தெரிந்துவிடும். சாதாரண ஈ ஒன்றும் ஆகாமல் குப்பிச் சுவரில் ஏறும். இந்த ஈயோ மல்லாந்து விழும். கால் உதறும். சிறகு படபடக்கும். பிறகு அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று நினைப்போம். சிறிது நேரம் கழித்து இன்னொரு முறை உதறும். பிறகு எழுந்து நடக்கும். அடுத்த சில நிமிஷத்துக்கு எவ்வளவு குலுக்கினாலும் விழாது!

வலிப்பு நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை புதிதாக இருக்காது. இழுப்பு, மயக்கம், பிறகு தெளிவு.

இந்த ஈக்களுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர்கள் வேடிக்கையானவை. ஒன்றின் பெயர் “ஈசிலி ஷாக்டு”. லேசில் அதிர்ந்து போகிறவன் என்று பொருள். இன்னொன்று “பாங் சென்ஸ்லெஸ்”. தட்டினால் நினைவு தப்புகிறவன். மூன்றாவது “ஸ்லாம்டான்ஸ்”. முட்டி மோதி ஆடும் ஒருவகை ஆட்டத்தின் பெயர் அது. பெயர் வைப்பதில் விஞ்ஞானிகளும் நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைப் போலத்தான்.

1994-ல் “லேசில் அதிர்ந்து போகிற” ஈயின் பிழை எந்த ஜீனில் என்று கண்டார்கள். நரம்பு அணுவின் தோலுக்கு வேண்டிய ஒருவகைக் கொழுப்பைத் தயாரிப்பதில் பங்குகொள்ளும் ஜீன் அது. மதகில் பிழை இல்லை. மதகு பதித்திருக்கும் கரையில் பிழை!

மூன்று வோல்ட்டும் முப்பது வோல்ட்டும்

பென்சரின் பள்ளியில் பழகிய மார்க் தனோயே என்பவர் பிறகு பெர்க்லி நகரில் உள்ள கலிபோர்னியா சர்வகலாசாலைக்குப் போனார். அவரும் அவருடைய மாணவர்களும் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். ஈயின் தலைக்குள் மயிரிழை போன்ற கம்பிகளைச் செருகினார்கள். எள் அளவு ஈ! அதன் தலை எவ்வளவு இருக்கும்? அதற்குள் கம்பி! பொறுமைக்கு அளவே இல்லை. மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எத்தனை வோல்ட்டில் வலிப்பு வருகிறது என்று அளந்தார்கள்.

“தட்டினால் நினைவு தப்புகிற” ஈக்குச் சுமார் 3 வோல்ட்டிலேயே வலிப்பு வந்தது. சாதாரண ஈக்குச் சுமார் 30 வோல்ட் வேண்டியிருந்தது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சாதாரண ஈக்கும் வலிப்பு வந்தது! கொஞ்சம் அதிகமாக மின்சாரம் தேவைப்பட்டது, அவ்வளவே. மனித மூளையும் இப்படித்தான். சர்க்கரை மிகவும் இறங்கினால், உப்புச் சத்து குறைந்தால், குழந்தைக்குக் காய்ச்சல் ஏறினால், நோயே இல்லாதவருக்கும் வலிப்பு வரலாம். வலிப்பே வராத மூளை என்று ஒரு சாதி தனியாக இல்லை. வரம்பு சிலருக்கு உயரத்தில் இருக்கிறது. சிலருக்குத் தாழ்வாக இருக்கிறது. “அந்த வீட்டில் வலிப்பு” என்று விரல் நீட்டுகிறவர்கள் இந்த ஈயின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

சூடு ஏறினால்

இன்னொரு கதை, சூட்டைப் பற்றியது.

1971-ல் கனடாவில், வான்கூவர் நகரில், டேவிட் சுஸுகி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு விசித்திர ஈயைக் கண்டார்கள். சாதாரணச் சூட்டில் அது நன்றாக இருக்கும். 29 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடு ஏறினால் அப்படியே முடங்கி விழும். குளிர வைத்தால் உடனே எழுந்து நடக்கும். விளக்குச் சுவிட்சைப் போட்டு அணைப்பதுபோல் இருந்தது.

அந்த ஈயின் நரம்பில் என்ன கோளாறு என்று பார்த்தவர்களில் ஒருவர் நம் நாட்டவர். பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஓபைத் சித்திக்கி. பென்சரோடு சேர்ந்து அவர் 1976-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, இப்படிப்பட்ட ஈக்களின் நரம்பில் மின்சாரம் எங்கே தடைப்படுகிறது என்பதைக் காட்டியது. பெங்களூரில் இன்று இருக்கும் தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தைத் தொடங்கி வளர்த்தவரும் அவரே. 1989-ல் விஸ்கான்சின் மாகாணத்தில் இருந்த ஒரு குழு அந்த ஜீனைப் படித்தது. அது சோடியம் மதகைச் செய்யும் ஜீன்! “பாரா” என்று அதைச் சுருக்கமாகச் சொல்லுகிறார்கள்.

இன்னும் வேடிக்கை என்னவென்றால், “தட்டினால் நினைவு தப்புகிற” ஈயின் பிழையும் அதே பாரா ஜீனில்தான் என்று 2011-ல் தெரிந்தது. மதகு சரியாகத் திறக்காவிட்டால் ஒரு நோய். அளவுக்கு மேல் வேலை செய்தால் இன்னொரு நோய்.

பாரா ஜீனுக்கு மனிதனிடம் ஜோடிகள் உண்டு. அவற்றில் ஒன்று எஸ்.சி.என்.1ஏ. இந்த ஜீனில் பிழை இருந்தால் காய்ச்சலோடு வரும் ஒருவகைக் குடும்ப வலிப்பு உண்டாகிறது என்று 2000-ல் கண்டார்கள். 2001-ல் இன்னும் கொடிய ஒரு நோய்க்கும் அதே ஜீன்தான் காரணம் என்று பெல்ஜியத்தில் கண்டார்கள். அது டிராவே நோய். பிரெஞ்சு டாக்டர் சார்லட் டிராவே 1978-ல் விவரித்த நோய் அது. பிறந்த முதல் வருஷத்திலேயே, பெரும்பாலும் காய்ச்சலின்போது, நீண்ட வலிப்பு வரும். பிறகு காய்ச்சல் இல்லாமலும் வரும். வளர்ச்சியும் தடைப்படும்.

காய்ச்சலில் குழந்தைக்கு ஒரு முறை வலிப்பு வந்தால் உடனே டிராவே என்று கலங்க வேண்டாம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளில் சிலருக்கு அப்படி வரும். பெரும்பாலும் கெடுதல் செய்யாமல் போய்விடும். டாக்டரிடம் காட்டுங்கள், அது போதும். நாம் சொல்லுவது மிக அபூர்வமான நோயைப் பற்றி.

கலிபோர்னியாவில் இர்வைன் என்ற ஊரில் டயான் ஓடவுட் என்ற அம்மையாரின் குழு ஒரு காரியம் செய்தது. மனிதக் குழந்தைகளிடம் கண்ட அதே எழுத்துப் பிழையை ஈயின் பாரா ஜீனில் அதே இடத்தில் எழுதியது. 2012-ல் குடும்ப வலிப்பின் பிழை. 2014-ல் டிராவேயின் பிழை. இரண்டு ஈக்களையும் சூடேற்றினார்கள். காய்ச்சலில் குழந்தை விழுவதுபோல் ஈக்களும் வலிப்பு வந்து விழுந்தன! உள்ளே அளந்து பார்த்தபோது வித்தியாசம் தெரிந்தது. குடும்ப வலிப்பு ஈயில் சூடு ஏறினால்தான் கோளாறு. டிராவே ஈயில் எப்போதுமே மின்சாரம் குறைவு. சூட்டில் இன்னும் குறைவு. கோளாறு முக்கியமாகத் தெரிந்தது எங்கே? கூச்சலை அடக்கும் நரம்பு அணுக்களில். முன்னே நினைவில் வைக்கச் சொன்னோமே, அவைதான். காவற்காரன் சோர்ந்து போனதால் சந்தையில் கலவரம்.

இதைத் தெரிந்து என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் உண்டு. வலிப்புக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில, சோடியம் மதகை அடைப்பவை. மற்றவர்களுக்கு அவை நல்ல மருந்து. டிராவே குழந்தைக்குக் கொடுத்தால், ஏற்கெனவே சோர்ந்திருக்கும் காவற்காரனை இன்னும் சோர வைக்கும். வலிப்பு அதிகமாகும். ஆகவே ஜீனின் பெயர் தெரிவது, எந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது என்று டாக்டருக்குச் சொல்லுகிறது.

ஈக்கு மருந்து

மனிதனுடைய மருந்து ஈக்குக் கேட்குமா? கேட்கிறது!

1857-ல் லண்டனில் சார்லஸ் லோகாக் என்ற டாக்டர் வலிப்புக்குப் புரோமைடு உப்பு பயன்படுவதாகச் சொன்னார். வலிப்பு மருந்துகளின் சரித்திரம் அங்கே தொடங்குகிறது. அந்தப் பழைய பொட்டாசியம் புரோமைடை 2004-ல் தனோயேயின் குழு, தட்டினால் விழும் ஈக்குத் தீனியில் கலந்து கொடுத்தது. வலிப்பு குறைந்தது. ஃபெனிட்டாயின், காபாபென்டின் என்ற மருந்துகளும் குலுக்கினால் விழும் ஈக்களுக்குப் பலன் கொடுத்தன என்று வேறொரு குழு எழுதியது. இதெல்லாம் ஒரு உரைகல்தான். மனிதனுக்குக் கேட்கும் மருந்து ஈக்கும் கேட்டால், ஈக்குக் கேட்கும் புது மருந்து மனிதனுக்கும் கேட்கக்கூடும் அல்லவா?

எல்லா ஈக்கும் மருந்து கேட்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். “தட்டினால் நினைவு தப்புகிற” ஈ முரட்டு ஈ. பல மருந்துகளுக்கு அது மசிவதில்லை. மருந்துக்கு அடங்காத அந்த முப்பது பேரை முன்னே சொன்னோம். அவர்களுக்கு இந்த ஈ ஒத்தாசை செய்யக்கூடும் என்பதால் அதை விடாமல் ஆராய்கிறார்கள்.

இங்கேதான் நமக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. வலிப்பு ஈக்கு இன்னொரு ஜீனிலும் பிழை உண்டாக்கினார்கள். இரண்டு பிழை சேர்ந்தால் நோய் அதிகமாகும் என்றுதானே நினைப்போம்? சில ஈக்களுக்கு வலிப்பு நின்றுவிட்டது! ஒரு பிழையை இன்னொரு பிழை அடக்கியது. அப்படி அடக்கும் ஜீன்களைத் தேடிப் பிடித்தால், அங்கே ஒரு மருந்துக்கு வழி இருக்கும். அப்படி ஒரு ஜீனைக் கண்டு, அதன் வேலையைத் தடுக்கும் மருந்தை 2008-ல் ஈக்குக் கொடுத்துப் பார்த்தபோது வலிப்பும் முடக்கமும் குறைந்தன. மூளையை நேரே தொடாத, யாரும் எதிர்பாராத ஜீன் அது. மனிதனிடம் இந்த மாதிரி தேடுவதென்றால் ஆயுள் போதாது.

இன்னொன்று. பாரா ஜீனில் பிழை உள்ள ஒரு வகை ஈக்குப் பாலைத் திரித்து எடுத்த தெளிநீரைச் சேர்த்த உணவு கொடுத்தார்கள். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. இது 2019-ல் வந்த செய்தி. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தெளிநீர் குடிக்கத் தொடங்க வேண்டாம்! அது ஈக்குச் செய்த சோதனை. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

வீண் செலவா?

ஈயில் பலித்தது எல்லாம் மனிதனில் பலிக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஈயின் மூளையில் இருப்பவை சுமார் 1,40,000 நரம்பு அணுக்கள்தான். அவை ஒன்றோடு ஒன்று எப்படி இணைந்திருக்கின்றன என்ற படத்தை 2024-ல் முழுவதுமாக வெளியிட்டார்கள். மனித மூளைக்கு அப்படி ஒரு படம் இன்னும் இல்லை. ஈயில் வெற்றி கண்ட மருந்து எலிக்குப் போக வேண்டும். பிறகு மனிதனுக்கு வர வேண்டும். வழியில் விழுபவையே அதிகம். ஈயிலிருந்து நேரே மருந்துக்கடைக்கு வந்த வலிப்பு மாத்திரை என்று எடுத்துக் காட்ட இன்றைக்கு ஒன்றும் இல்லை. இதை ஒளிக்க வேண்டியதில்லை.

அதனால் செலவு வீணா? 2008-ல் அமெரிக்காவில் உதவி ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலின் அம்மையார், ஒரு கூட்டத்தில், பழ ஈ ஆராய்ச்சிக்குப் பணம் போகிறதே என்று கேலி செய்தார். அவர் சொன்னது ஆலிவ் பழத்தைக் கெடுக்கும் வேறொரு ஈ. ஆனால் கேலி எல்லா ஈ ஆராய்ச்சிக்கும் சேர்த்துத்தான் போய்ச் சேர்ந்தது. அவர் அன்று பேசிய விஷயம் என்ன தெரியுமா? குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு அரசாங்கம் அதிகமாக உதவ வேண்டும் என்பது! நல்ல நோக்கம்தான். அந்தக் குழந்தைகளுக்காகவும்தான் குப்பிகளில் ஈ வளர்க்கிறார்கள் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். நம் நாட்டிலும் “சோற்றுக்கு வழியில்லை, ஈக்கு ஆராய்ச்சியா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு குப்பித் தீனியில் நூற்றுக்கணக்கான ஈ வளரும். வைத்திய ஆராய்ச்சியில் இதைவிட மலிவான பிராணியைக் காட்டுவது கடினம்.

டெக்சாஸ் மாகாணத்தில் ஹூஸ்டன் நகரில் பெய்லர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஹியூகோ பெல்லன் என்பவரின் குழு ஈயை வைத்து ஒரு புது வேலை செய்கிறது. பெயர் தெரியாத நோயோடு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். ரத்தத்தில் ஜீனைப் படித்தால் எழுத்து மாற்றங்கள் ஏராளமாகத் தெரிகின்றன. நம் எல்லோரிடமும்தான் அப்படி மாற்றங்கள் இருக்கின்றன. இதில் எது நோய்க்குக் காரணம்? எது சும்மா இருப்பது? டாக்டருக்குத் தெரியாது. ஹூஸ்டன்காரர்கள் ஈயின் ஜீனை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் மனித ஜீனை வைக்கிறார்கள். நல்ல மனித ஜீனை வைத்தால் பல சமயம் ஈ நலமாகிறது. குழந்தையிடம் கண்ட மாற்றம் உள்ள ஜீனை வைத்தும் ஈ நலமாகாவிட்டால், குற்றவாளி அகப்பட்டான் என்று பொருள்.

2018-ல் இப்படி ஒரு ஜீன் அகப்பட்டது. ஐ.ஆர்.எஃப்.2பி.பி.எல். என்று அதற்குப் பெயர். பிறந்து நன்றாக வளர்ந்துவந்த குழந்தைகள், ஓடி ஆடிப் பேசிக்கொண்டிருந்த குழந்தைகள், கொஞ்சம் கொஞ்சமாக நடையை இழந்தார்கள்; பேச்சை இழந்தார்கள்; வலிப்பும் வந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. ஈயில் அந்த ஜீனின் ஜோடியைக் குறைத்தார்கள். ஈயும் முதலில் நன்றாக இருந்து, வயது ஏற ஏற நடை தடுமாறியது. நரம்பு தேய்ந்தது. அந்த நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது. அதுவரை தனித்தனியே தவித்துக்கொண்டிருந்த தாய் தகப்பன்மார், தங்கள் பிள்ளைக்கு மட்டும் வந்ததல்ல என்று தெரிந்துகொண்டார்கள்.

2022-ல் அதே குழு இன்னொரு கட்டுரை வெளியிட்டது. அந்த ஜீன் இல்லாவிட்டால் மூளையில் வேறொரு சமிக்ஞை அளவுக்கு மேல் போகிறதாம். அதைக் குறைத்தபோது ஈயின் நிலை தேறியது. மருந்து இன்னும் வரவில்லை. ஹூஸ்டனில் அந்த ஈக்களுக்குத் தீனி காய்ச்சி ஊற்றிக்கொண்டு இருக்கிறார்கள்.